கோழிக்குப் போட்ட நெல்

தரம் பத்துப் பிள்ளைகளின் கண்முன்னே விதைநெல்லை அவித்த விவசாய ஆசிரியன் இந்த மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திட்டமிட்டுச் செய்ததல்ல. வித்து முளைத்தல் செய்முறைப் பாடம் அது. பெத்திரிக் கிண்ணத்தில் ஈரக் கடதாசி விரித்து, நூறு நெல்மணிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருந்தோம். 'இளஞ்சூடான நீர் தெளிக்கவும்' என்று கரும்பலகையில் எழுதியதும் நான்தான். ஆசிரியர் ஓய்வறையிலிருந்து கேத்தலைத் தூக்கிக்கொண்டு வரும்போது, எங்கள் பாடசாலை அதிபர் மரநடுகை விழாவில் மாங்கன்றைப் பொலித்தீன் பையோடு நட்ட கதை என் வாயில் பாதியில் நின்றிருந்தது. மீதியைச் சொல்லி முடிக்கிற உற்சாகத்தில் கேத்தலைச் சரித்தேன். குப்பென்று ஆவி எழுந்து என் மூக்குக்கண்ணாடியை மூடியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது கிண்ணத்துக்குள் நூறு நெல்லும் சோற்றுக்கான முதற்படியில் மிதந்துகொண்டிருந்தன.

"சேர், இது முளைக்கிற பாடமா, சோறாக்கிற பாடமா?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வித்து முளைக்க ஈரம், காற்று, உகந்த வெப்பம் மூன்றும் வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மூன்றாவதில் சேர் கொஞ்சம் தாராளம் காட்டிவிட்டார், அவ்வளவுதான் என்றேன். சிரிக்காமல் இருந்தது பஸ்லியா மட்டும். முன்வாங்கு. எதையும் இரண்டுமுறை எண்ணுகிற பிள்ளை. அவள் எழுந்து, "சேர், அந்த நெல்லு மிச்சம் இரிக்கா? மறுகா ஒருக்கா வெச்சுப் பாப்பம்" என்றாள். அவளுடைய வீட்டுக் கூரைக்குக் கீழேயும் அதே நெல்தான் மூட்டையாகக் கிடந்தது. கொண்டுபோய்ப் போட வைத்தவன் நான்.

என் கைராசியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பள்ளித் தோட்டத்துக் கத்தரிக்குத் திரவப் பசளை என்று நினைத்துக் களைநாசினி தெளித்தவன் நான். தேனீப் பெட்டியைத் திறந்து காட்டப்போய், கல்வி வலயத்திலிருந்து வந்த பெரியவரை வாய்க்காலுக்குள் குதிக்க வைத்தவனும் நான்தான். நற்பிட்டிமுனைச் சந்தியில் ஒரு மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் ஆகாவிட்டால்கூட "றிபாஸ் சேர் இந்தப் பக்கம் வந்தவரா?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஊருக்குச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும். சம்பளமும் கிடைத்து அந்த வேலையும் கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது. என்னுடைய பிழைகளை மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிப் பழகியதில், என்னுடையது அல்லாத பிழைகளையும் சில நேரம் நானே எடுத்து வைத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

என் மச்சான் றுமைஸுக்கு இது நன்றாகத் தெரியும். மச்சான் என்றால் வெறும் பேச்சு மச்சான் அல்ல. என் மனைவி றாஹிலாவின் காக்கா, கூடப் பிறந்த மூத்தவன். அதற்கும் முன்பே என் கூட்டாளி. உயர்தர வகுப்பில் இரண்டு பேரும் விவசாய விஞ்ஞானம் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். செய்முறைப் பரீட்சையில் அவன் என்னைவிட நன்றாகச் செய்தான். ஒட்டுக்கன்று கட்டுவதில் அவன் விரல்களுக்கு இருந்த பதம் என் விரல்களுக்கு வரவில்லை. நான் ஆசிரியனானேன், அவன் விதையும் பசளையும் பூச்சி எண்ணெயும் விற்கிற கடை போட்டான். எங்கள் பக்கத்தில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் காக்காமார் தங்கள் கலியாணத்தைப் பற்றி யோசிப்பார்கள். றுமைஸ் கல் சுமந்து, சீமெந்து குழைத்து, ஆறு வருஷம் எடுத்து ஒரு வீடு கட்டினான். அந்த வீட்டுக்குள் ஒரு சூட்கேசோடு மாப்பிள்ளையாக நடந்து போனவன் நான். நான் சாய்ந்திருக்கிற சுவர், நான் கழுவுகிற குழாய், வெயிலுக்கு ஒதுங்குகிற மாமர நிழல் எல்லாமே அவன் வைத்தவை. அவனிடம் நேரான ஒரு கேள்வி கேட்பதென்றால் முதலில் நான் கேற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும்.

பெரும்போக விதைப்பு தொடங்குகிற நேரம் அவனே பள்ளிக்கூடத்துக்கு வந்தான். "மச்சான், ஒன்ட விவசாயப் புள்ளையள்ற குடும்பங்களுக்கு விதைநெல்லு தாறன். நல்ல சாமான். கடையில விக்கிறதிலயும் குறைச்சு. ஒரு நன்மைக்கு" என்றான். பெற்றோர் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. "இந்த நெல்லு முளைக்கல்லெண்டா, என்ட தாடிய வழிச்சி ஒங்கட வயல்ல விதைக்கன்" என்றேன். மண்டபம் சிரித்தது. பின்னால் கதவோரம் நின்ற றுமைஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அவித்த மறுநாள் பஸ்லியாவும் நானும் புதிதாக நூறு நெல் வைத்தோம். கேத்தல் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. தண்ணீரை அவள்தான் தெளித்தாள். நாட்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாறு மணிகள் மட்டும் ஓரத்தில் வெள்ளையாகக் கண் விழித்தன. மற்றவை கடதாசியில் பழுப்பு நீர் ஊறப் படுத்துக் கிடந்தன. றுமைஸுக்குப் போன் எடுத்தேன்.

"மறுகாவும் அவிச்சிட்டியா?" என்றான் எடுத்ததும்.

"இல்ல மச்சான், இந்த முற நான் தொடவேயில்ல."

"நீ பக்கத்தில நிண்டிரிப்பாய். அது காணும்." சிரித்தான். பிறகு, "நெல்லு நித்திரையில இரிக்கிடா. புது நெல்லு. உறங்குநிலை எண்டு நீதானே படிப்பிக்கிறாய்? நீ ஒரு தாலாட்டுப் படிச்சா எழும்பாது, வேணுமெண்டா பாங்கு சொல்லிப் பார்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உறங்குநிலை மெய்தான், புதிதாக வெட்டிய நெல் சில கிழமைகள் முளைக்க மறுக்கும். பாடத்தில் இருக்கிறது. போனை வைத்த பிறகு கிண்ணத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டது நான்தான், முன்பு அதில் ஏதோ மருந்து கலக்கியிருப்பேன் என்ற முடிவுக்கு வந்தேன். பஸ்லியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேர், ரெண்டு கோப்பையில வெப்பமா? ஒண்டில இந்த நெல்லு, ஒண்டில வேற நெல்லு. தண்ணி ஒண்டு, கோப்பை ஒரே மாதிரி. ஒப்பிட்டுப் பாக்கோணுமெண்டு நீங்கதானே சொன்ன" என்றாள். நான்தான் சொன்னேன். சொல்லிக்கொடுத்ததை நானே செய்ய மறந்துபோனது என் பட்டியலில் இன்னொன்று. வேறு நெல்லுக்கு எங்கே போவது என்று யோசித்து, அடுத்த நாள் காலை எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு றாஹிலா போடுகிற தகர டின்னிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். கடைசியாக நின்ற ஒரு சேவல் என்னைப் பள்ளிக்கூடப் பாதிவழி வரைக்கும் துரத்தியது.

இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். சன்னலோரத்தில் ஒரே வெயில், ஒரே குழாய்த் தண்ணீர். வெள்ளிக்கிழமை விடுமுறை முடிந்து வகுப்பைத் திறந்தபோது கோழி நெல் கோப்பை முழுக்க முளைவிட்டிருந்தது. வெள்ளை வேர்கள் கடதாசியைத் துளைத்து அடுத்த பக்கம் போய், கோப்பையைச் சரித்தாலும் விழாதபடி பிடித்துக்கொண்டிருந்தன. மற்றக் கோப்பையில் அதே ஐந்தாறு மணிகள், அதே பழுப்பு நீர். வகுப்புக்கு அது பெரிய பகிடியாகிவிட்டது. "சேர்ட கோழிக்குக் கிடைக்கிற சாமான் நமக்குக் கிடைக்கல்ல" என்றான் பின்வாங்குக்காரன். இந்த முறை நான் சிரிக்கவில்லை. பஸ்லியாவின் இடம் காலியாக இருந்தது. அவள் அன்று வரவில்லை.

பாடம் முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பஸ்லியாவின் உம்மா ஸகியா முற்றத்தில் நின்றாள். அவளுடைய கணவன் உழவு மெசினிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து போன வருஷத்திலிருந்து உள்ளே கட்டிலில்தான். ஒரு துண்டு வயல். அந்த வீட்டின் வருஷச் சோறு அது. நெல்லை ஒரு பகல் ஒரு இரவு ஊறவைத்து, தண்ணீர் வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அப்படி முளைகட்டித்தான் விதைப்போம். சரியான நெல்லென்றால் இரண்டாம் நாள் சாக்குக்குள் கையை விட்டால் சுடும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. அந்தச் சூட்டுக்குப் பூனைகூட வந்து மேலே படுத்துக்கொள்ளும்.

"சேர், கைய விட்டுப் பாருங்க" என்றாள் ஸகியா.

விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. கிணற்றுக்குள் விட்டதுபோலக் குளிர்ந்தது. கையை எடுத்தபோது புளித்த வாடை விரல்களோடு வந்தது.

"தண்ணி கூடிட்டோ சேர்? வைக்கோல் குறைஞ்சிட்டோ? எல்லாம் நீங்க கூட்டத்தில சொன்ன மாதிரித்தான் செஞ்ச. என்ட கைதான் பிழையோ தெரியா." அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், ஏதோ அதில் எழுதியிருப்பதுபோல. "வயல் வட்டையில எல்லாரும் விதைச்சு முடியிறாங்க. மழ இறங்கினா மறுகா வயலுக்க கால் வைக்கேலா. இந்தப் போகம் விட்டா எங்களுக்கு ஒண்டுமில்ல சேர்."

வேலிக்கு அப்பால் அடுத்த வயல்காரன் செல்லத்தம்பி அண்ணன் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அவருடைய மகள் என் வகுப்பு. அவரிடமும் இதே மூட்டைதான். "சேர், தாடி சொன்னயள்" என்றார். "பாத்தா கொஞ்சமாத்தான் கிடக்கு. என்ட வயலுக்குக் காணாது."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு பதில் வைத்திருப்பேன். "ஓம் அண்ணன், மீசையையும் சேத்துத் தாறன்" என்ற மாதிரி. வாய்கூடத் திறந்தது. உள்ளே கட்டிலில் இருந்தவர் இருமினார். நான் சொன்னது இதுதான்: "தங்கச்சி, ஒங்கட கையில பிழையில்ல." என் கையில்தான் பிழை என்று அடுத்த வசனம் தானாக வர இருந்தது. எனக்கே ஆச்சரியமாக, அது வரவில்லை. சன்னலோரத்து இரண்டு கோப்பைகள் கண்ணுக்குள் நின்றன.

வீட்டுக்கு வந்து நேரே பின்னறைக்குப் போனேன். எங்களுக்கும் வயல் உண்டு. எங்களுக்கு என்றால் றாஹிலாவுக்கு, சீதனக் காணி. அதற்கான விதைநெல்லும் மச்சான் கொடுத்ததுதான். அதுவும் செத்த நெல்லாகத்தான் இருக்கும், அவனும் யாரிடமோ ஏமாந்திருப்பான், பாவம் என்று எண்ணிக்கொண்டே ஒரு பிடி அள்ளப் போனவன் நின்றேன். பள்ளிக்கூடத்துக்கு வந்தவை வெள்ளை உரப்பைகள். இவை சணல் சாக்குகள். கட்டிய கயிறும் வேறு.

றாஹிலா வாசலில் வந்து நின்றாள். கையில் கோழி டின்.

"இது வேற நெல்லா?" என்றேன்.

"ஓம். இது பாலமுனையில ஒராள்ட்டச் சொல்லி வெச்சி காக்கா எடுத்த. பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிற மூட்டையில நமக்கு வேணாமெண்டாரு."

"எப்ப சொன்ன?"

அவள் யோசித்தாள். "நீங்க கூட்டத்துக்குப் போக ஷேட் அயன் பண்ணிட்டு நிண்ட அண்டைக்கு. ஒங்களுக்கு முன்னால வெச்சித்தான் சொன்னாரு. நீங்க பேச்சுப் பாடமாக்கிட்டு இரிந்தீங்க."

அந்த ஷேட் இளநீலம். காலரைச் சரியாக மடித்திருக்கிறேனா என்று றுமைஸிடம்தான் கேட்டேன். அவன்தான் இழுத்துச் சரிசெய்துவிட்டான்.

"ஏனெண்டு நீ கேக்கல்லயா?"

"என்னத்தக் கேக்க?" என்றாள். கோழிகள் அவள் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன. "காக்கா எனக்குக் கூடாத சாமான் ஒரு நாளும் தந்தில்ல. மத்தாக்களுக்கு என்ன குடுக்காரெண்டு நான் கேட்டில்ல." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதே அவளுக்குக் கேட்டது போல. டின்னைக் கீழே வைத்தாள்.

"இதில ஸகியாக்குக் கொண்டு போய்க் குடுப்பம். செல்லத்தம்பி அண்ணனுக்கும்."

"இஞ்ச பாருங்க. காணி என்ட. நெல்லு காக்காட. வீடும் அவர் கட்டின. குடுக்கிறதுக்கு ஒங்கட எண்டு இதில என்ன இரிக்கி?"

"தாடி இரிக்கி."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். சாக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டோவில் ஏற்றினோம். ஏற்றிய பிறகு, "காக்காட்டப் போறதெண்டா பகிடி கதைக்காம கதைங்க" என்றாள். "நீங்க பகிடி கதைச்சா அவரும் பகிடி கதைப்பாரு. எனக்குச் சின்னதில இருந்து தெரியும், அவருக்கு அது ஒரு ஒளிக்கிற இடம்."

ஸகியாவின் முற்றத்தில் சாக்குகளை இறக்கி, செல்லத்தம்பி அண்ணனின் பங்கையும் அங்கேயே வைத்தேன். பஸ்லியா கயிற்றை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். "நூறு எண்ணி வெச்சுப் பாக்க நேரமில்லயே சேர்" என்றாள். இல்லை என்றேன். தெற்கே விநாயகபுரம் பக்கம் வானம் கறுத்திருந்தது. என் மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் எத்தனை சாக்குகள் இதே நேரம் குளிர்ந்து கிடக்கின்றன என்று யோசித்தேன். எங்கள் பின்னறையில் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தைத் திறப்பித்து இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அஸர் தொழுகை முடிந்து சனம் கலைகிற நேரம். றுமைஸ் பசளை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கோப்பைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன மச்சான், பள்ளிக்கூடத்தை விட்டுட்டுச் சாப்பாட்டுக் கடை போடப் போறியா? இரி, பிளேன்டி சொல்லுறன்."

"வேணாம்."

"சீனி போடாம?"

மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இது எங்கட கோழிக்குப் போடுற நெல்லு. இது நீ புள்ளையளுக்குத் தந்த நெல்லு."

"பாத்தியா? ஒன்ட கோழிகூட ஒன்ன விடப் படிச்சிரிக்கி." அவன் சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்புக்குள் நுழைய எனக்குப் பழக்கமான வாசல் ஒன்று இருந்தது. இருபது வருஷமாக அதால்தான் போய் வந்தேன். கால் அந்தப் பக்கம் போகப் பார்த்தது. நான் உட்காரவில்லை. கதிரையை அவன் காலால் என் பக்கம் தள்ளினான். அப்போதும் உட்காரவில்லை.

"நித்திரை நெல்லுடா" என்றான், கொஞ்சம் மெதுவாக. "இன்னும் ரெண்டு கிழம…"

"பாலமுனை நெல்லு நித்திரை இல்லையா?"

சிரிப்பு நின்றது. கணக்குப் பார்ப்பவன்போல மேசையைப் பார்த்தான்.

"றாஹிலா சொன்னாளா?"

"நெல்லப் பத்தி நான் கேக்கல்ல மச்சான். அது செத்த நெல்லெண்டு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். மற்றதக் கேக்கன். கடையில வெச்சி வித்திருக்கலாம் நீ. ஏன் என்ட கையால குடுக்க வெச்சாய்?"

நான் எதிர்பார்த்த பதில்கள் நிறைய இருந்தன. ஸ்டோர் ஒழுகிவிட்டது, காயவைத்துக் கட்டினோம், முளைக்கும் என்றுதான் நினைத்தேன், இன்னொருவன் ஏமாற்றிவிட்டான். அவற்றில் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகத்தான் வந்திருந்தேன் என்பதை அங்கே நின்றுதான் கண்டுகொண்டேன். றுமைஸ் தலையைத் தூக்கினான். அத்தனை வருஷத்தில் சிரிப்பில்லாத அவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததேயில்லை. தன் வாப்பாவின் மையத்தை அடக்கிய அன்றுகூட ஏதோ சொல்லி என்னைச் சிரிக்க வைத்தவன்.

"நான் குடுத்தா கடைக்கு நியாயம் கேக்க வருவாங்க" என்றான். "நீ குடுத்தா ஒன்னப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிருவாங்க. றிபாஸ் சேர் என்னவோ செஞ்சிட்டாரெண்டு. நீயும் அப்பிடித்தான் நெனப்பாய். ஒன்ட பிழையெண்டு நீயே ஊரெல்லாம் சொல்லித் திரிவாய். அது எனக்குத் தெரியும் மச்சான். அதான் குடுத்தன்."

கோப்பைகளை வைத்தபோது கோழி நெல்லில், கடதாசியில் வேர் பிடிக்காதிருந்த ஒன்று ஈரத்தோடு மேசையில் விழுந்திருந்தது. சொல்லிக்கொண்டே அவன் அதைக் கண்டிருக்கிறான். பேச்சு முடிந்த பிறகு இரண்டு விரல்களால், நசுங்காமல், முளையைத் தொடாமல் அதை எடுத்தான். வேர் கீழே இருக்கும்படி திருப்பி, மற்றவற்றின் நடுவே ஒரு இடைவெளி பார்த்து, ஈரக் கடதாசியில் மெல்ல அழுத்தி வைத்தான்.